நான்கு வாளிகளில் மாமா

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதற்கே நன்றி. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. என் மகன் எடுத்து, "அவ குளிக்கிறாம்மா" என்கிறான். இரண்டு வருடமாக எந்நேரமும் குளித்துக்கொண்டே இருக்கிறாய், உடம்புக்கு ஆகாது. அதனால்தான் கடிதம். வேலை பார்த்த காலமெல்லாம் தபால் நிலையத்தில் உட்கார்ந்து அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நான். எவ்வளவு கோபம் இருந்தாலும், வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருக்க மனிதர்களால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு சந்தேகம் கேட்க எழுதுகிறேன்.

நான் பொம்மை செய்கிறேன் என்று உன் வீட்டுக்காரன் சொல்லியிருப்பான். அவன் வாயில் அது பொம்மை. நூலகர் வாயில் சிற்பம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாயில் "உங்களோட அந்த இது". ஊர் தூக்கிப் போட்ட பிளாஸ்டிக்கில் செய்கிறேன். உடைந்த வாளி, ஓட்டைக் குவளை, ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன், மூடி, சீப்பு, எதுவானாலும் சரி. பெயிண்ட் அடிக்க மாட்டேன். கிடைத்தது என்ன நிறமோ அதுதான் நிறம். முதலில் கோழி, பூனை என்று சின்னதாகச் செய்து கை பழகினேன். இப்போது ஆள் உயரத்துக்கு ஒன்று செய்கிறேன். உட்கார்ந்திருக்கும் ஆள்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். மாமா போன பிறகு நீ தெருமுனையில் கொண்டுபோய் வைத்தாயே ஒரு நாற்காலி, அதைத் தேடிக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போனேன். அது அங்கே இல்லை. வேறு ஏதோ நாற்காலியின் கைப்பிடி மட்டும் கிடந்தது. சும்மா திரும்பி வர மனம் வராமல் அதை எடுத்து வந்தேன். மறுவாரம் மறுபடியும் போனேன். இன்றைக்குக் கூடத்தில் நடப்பதற்கு ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். நாற்காலிச் சண்டையைக் கிளறவில்லை. அன்று நான் என்ன சொன்னேன் என்று எனக்கும் நினைவிருக்கிறது. அது ஒரு ஓரமாக இருக்கட்டும்.

இப்போது சந்தேகம். இந்த ஆளுக்குத் தோள் நிற்க மாட்டேன் என்கிறது. சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன் ஒன்று வைத்திருக்கிறேன். அதனால் இளக்கி அழுத்திப் பிடித்தால் நன்றாகத்தான் ஒட்டுகிறது. காலையில் எழுந்து பார்த்தால் கை தரையில் கிடக்கிறது. நீதானே பிளாஸ்டிக் ஆலையில் வாளியையும் நாற்காலியையும் உடைத்துப் பார்த்து, தேறியதை மட்டும் வெளியே அனுப்புகிறவள். ஏன் விழுகிறது என்று எழுது.

மே கடைசியில் இங்கே நூலகத்தில் புது வாசிப்பறை திறக்கிறார்கள். நுழைகிற இடத்தில் இதை வைக்கலாம் என்று நூலகர் சொல்லிவிட்டார். "உன்னுடையதைக் கொண்டு வந்து வை" என்று ஒருவர் என்னிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. கையில்லாத ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்க முடியாது.

அத்தை


மார்ச் 12

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

எல்லா பிளாஸ்டிக்கும் ஒரே ரகம் இல்லை. பொருளைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். ஒரு முக்கோணமும் உள்ளே ஓர் எண்ணும் இருக்கும். ஷாம்பு பாட்டிலில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். டப்பா, குவளை, நாற்காலி எல்லாம் அநேகமாக ஐந்து. இரண்டை இரண்டோடு உருக்கினால் ஒன்றாகிவிடும். ஐந்தை ஐந்தோடு உருக்கினாலும் அப்படியே. இரண்டையும் ஐந்தையும் சேர்த்தால் சூட்டில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடிக்கும், ஆறியதும் விட்டுவிடும். உங்கள் தோளில் நடப்பது அதுதான். எண் வேறாக இருந்தால் உருக்க வேண்டாம். இரண்டு ஓரத்திலும் துளை போட்டு, தடித்த நைலான் நூலால் தைத்துவிடுங்கள். இழுத்தாலும் வராது.

மூன்று என்று போட்டிருந்தால் அதைச் சூட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தண்ணீர்க் குழாய், பழைய பிளாஸ்டிக் கதவு இதெல்லாம் அந்த ரகம். அந்தப் புகை நெஞ்சை அடைக்கும். எண்ணே இல்லாததையும் சூடாக்க வேண்டாம். ஜன்னலை மூடிக்கொண்டுதான் வேலை செய்வீர்கள், தூசி வருகிறது என்று. திறந்து வையுங்கள்.

ஆலைக்குப் போன் செய்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். உங்களுக்கென்று தனியாக எதுவும் எழுதவில்லை.

தனியாக எழுத ஒன்றுதான் இருக்கிறது. அன்று வந்திருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "எடுத்து வைக்கத் தெரியாதவளுக்குத் தூக்கிப் போட மட்டும் நல்லாத் தெரியுது" என்று சொன்னீர்கள். மாமா படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் அந்த வீட்டில் எதை எடுத்து எங்கே வைத்தேன் என்று நான் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு துணியை மடித்துப் பெட்டியில் வைத்து, உங்கள் பிள்ளையோடு இந்த ஊருக்குக் கிளம்பி வந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து உங்களிடமிருந்து கடிதம் வருகிறது, அதில் ஒரு பொம்மையின் தோளைப் பற்றி இவ்வளவு நீளம் எழுதியிருக்கிறீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை.

குளிப்பதைப் பற்றி. உங்கள் பிள்ளைக்கு வேறு பொய் தெரியாது.

உட்கார்ந்திருக்கும் ஆள் யார்?

மருமகள்


மார்ச் 24

அன்புள்ள மருமகளுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன். பதில் எழுது.

தோள் நின்றுவிட்டது! உன் கடிதம் வந்த அன்றே வீட்டிலிருந்த அத்தனையையும் கவிழ்த்துப் போட்டேன். எண் பார்த்துப் பார்த்து வாளி வாளியாகப் பிரித்தேன். இவ்வளவு நாள் நான் ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தவை எல்லாம் வேறு வேறு குடும்பம். என் சீப்புக்கு எண்ணே இல்லை, அது அநாதை. தையல்காரம்மா சாக்குத் தைக்கும் ஊசியும் மீன்பிடி நூலும் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். பிறகு அந்தக் கையைப் பிடித்து நானே தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. ஜன்னலும் திறந்துதான் இருக்கிறது. தூசி வருகிறது.

நூலகர் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். அவர் வழக்கமாக ஏதாவது புத்தகத்திலிருந்து சொல்கிற ஆள். அன்று எந்தப் புத்தகத்தையும் இழுக்கவில்லை. கடைசியில், "உயிர் இருக்கும்மா" என்றார். அவர் போன பிறகு நான் ரொம்ப நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன். மருமகளே, இது நன்றாக வந்திருக்கிறது. என் வாயால் சொல்லக் கூடாதுதான், ஆனால் சொல்ல இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

உட்கார்ந்திருப்பது உன் மாமா. உனக்குத் தெரிந்தே கேட்டிருப்பாய் என்று நினைக்கிறேன்.

நெஞ்சுக்கு இரண்டு எண்ணெய் கேன். பஸ் ஓட்டிய காலத்துச் சாம்பல் நிறச் சீருடைக்கு ஏற்ற சாம்பல் கிடைக்காமல் ஒரு மாதம் அலைந்தேன், கடைசியில் உடைந்த பூந்தொட்டி ஒன்றில் கிடைத்தது. முகத்துக்குக் காப்பி நிற டப்பா மூடிகள். நரைத்த தலைக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்களின் நார். மூக்கைப் பார்த்தால் சிரிப்பாய், அது ஒரு புனல். ஆனால் தள்ளி நின்று பார்த்தால் அவர் மூக்கு அதேதான். அவர் உட்கார நாற்காலியும் செய்துவிட்டேன். அவருடைய அந்த வெளிர்பச்சை நாற்காலி கிடைக்காததால், ஐந்து நாற்காலிகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து அதே மாதிரி ஒன்று. கைப்பிடியில் அந்த வளைவுகூட அப்படியே வந்திருக்கிறது.

இடது கைதான் வரவில்லை. வலது கை எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பக்கவாதம் வந்த பிறகு இடது கை எப்படி இருந்தது என்று யோசித்தால் எனக்குப் போர்வைதான் ஞாபகம் வருகிறது, எப்போதும் மூடியே வைத்திருந்தார். விரல் மடங்கியிருந்ததா, விரிந்திருந்ததா? மடியில் வைத்துக்கொள்வாரா? நீதானே தினமும் பார்த்தவள். எழுது.

அத்தை


ஏப்ரல் 5

அத்தைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாக இருந்தேன், உங்கள் கடிதம் வருகிற வரைக்கும்.

அந்த நாற்காலி என்றால் உங்களுக்கு என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வாசல் பக்கம் போட்டு, செருப்பைக் கழற்றாமலே மாமா உட்கார்ந்திருப்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு அந்த நாற்காலி குளியலறையில்தான் இருக்கிறது. பக்கவாதம் வந்த பிறகு அதை உள்ளே கொண்டுபோய்ப் போட்டது நான். ஆடிய காலுக்கு அடியில் ரப்பர் வைத்தது நான். குளிப்பாட்ட வைத்த ஆள் ஒரே வாரத்தில் ஓடிவிட்டார், மாமா குவளையால் அடித்தார் என்று. உங்கள் பிள்ளை ஒரு நாள் உள்ளே வந்தார், மாமா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், உங்கள் பிள்ளை அழுதுகொண்டே வெளியே போனார். உங்களை மாமாவே வேண்டாம் என்றுவிட்டார். மிச்சம் யார்? மருமகள்.

மாமனாரைக் குளிப்பாட்டுகிற வேலைக்கு எந்த மருமகளும் ஆசைப்பட மாட்டாள். எனக்கும் வெட்கமாக இருந்தது, அவருக்கும் வெட்கமாக இருந்தது. முதல் சில நாள் இரண்டு பேரும் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு வேலையை முடித்தோம். பிறகு ஒரு மாதிரி பழகிக்கொண்டோம். அந்த அறையில் நடந்தது எதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்கள் பிள்ளையிடம்கூட. மாமா என்னை அப்படி நம்பினார்.

எல்லாம் முடிந்த பிறகு வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கினேன். குளியலறைக் கதவைத் திறந்தால் அது நின்றுகொண்டிருந்தது. கைப்பிடியில் சோப்பு காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. தேய்த்துக் கழுவித்தான் வைக்கப் பார்த்தேன். முடியவில்லை அத்தை. தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தேன். அதற்குத்தான் நீங்கள் தூக்கிப் போடத் தெரிந்தவள் என்றீர்கள்.

இப்போது அதே மாதிரி ஒரு நாற்காலி செய்து, அதில் அவரை உட்கார வைத்து, ஊரே வந்து போகிற இடத்தில் வைக்கப்போகிறீர்கள். போர்வைக்குள் அவர் மறைத்து வைத்த கை எப்படி இருந்தது என்று என்னையே கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளைக்குக்கூடக் காட்டாதவரை நீங்கள் நூலக வாசலில் வைக்காதீர்கள். வைத்தால், நான் அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை, இரண்டு நாள் வைத்திருந்துதான் தபாலில் போடுகிறேன்.

மருமகள்


ஏப்ரல் 16

மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் எனக்கு வந்தது கோபம்தான். மறைக்க என்ன இருக்கிறது? நான் என் வீட்டுக்காரரைச் செய்வதற்கு உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று கூடத்தில் நின்று சத்தமாகவே கேட்டேன். கேட்க ஆள் இல்லை. அவர் மட்டும் புனல் மூக்கோடு உட்கார்ந்திருந்தார்.

நீ உன் பக்கத்தை எழுதிவிட்டாய். என் பக்கத்தையும் கேள். நீ உள்ளே இருந்தாய். நான் எங்கே இருந்தேன் என்று நீ யோசித்திருக்கிறாயா? கதவுக்கு வெளியே, துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். தினமும். நீ தாழ்ப்பாளைத் திறந்து கையை நீட்டுவாய், துண்டைக் கொடுப்பேன், மறுபடி கதவைச் சாத்திவிடுவாய். அவ்வளவுதான் என் வேலை.

"நீ வெளிய இரு, நீ பாக்க வேணாம்" என்றார் என்னிடம். பேச்சு குழறிக் குழறி வந்த நாளிலும் அது மட்டும் தெளிவாக வந்தது. அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், பிள்ளை பெற்றுக் கொடுத்திருக்கிறேன், காய்ச்சலில் வாந்தி எடுத்ததை அள்ளிப் போட்டிருக்கிறேன். வாழ்நாள் முழுக்கக் கூடவே இருந்த எனக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. நேற்று வந்தவளுக்குத் திறந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, எடுத்துக்கொண்டாலும் சரி. எனக்கு உன்மேல் பொறாமை. உள்ளே நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் ஏதோ சொல்வார், எனக்குப் புரியாது, நீ சிரிப்பாய், அவரும் சிரிப்பார். படுக்கைக்கு வந்ததும் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்ன சிரிப்பு என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்று பயம், சொல்ல மாட்டாயோ என்றும் பயம்.

அந்த நாற்காலி உனக்கு வேலை. எனக்கு அது உள்ளே போய் வந்த பொருள். அதைத் தொட்டுப் பார்த்தாலாவது ஏதாவது தெரியும் என்று ஒரு நினைப்பு. திரும்பிப் பார்ப்பதற்குள் அதையும் காணோம். அதனால்தான் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். வேறு எதைச் சொல்லிக் கத்த முடியும்?

வைப்பதா வேண்டாமா என்று இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. எனக்கே தெரியவில்லை.

அத்தை


ஏப்ரல் 20

மருமகளுக்கு,

முன் கடிதத்தின் ஈரம் காய்வதற்குள் அடுத்தது. பயப்படாதே, இது சின்னது.

நூலகரிடம் போய் முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். குடும்ப விஷயம் என்றேன். அந்த ஒரு வார்த்தை சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து, அவர் உள்ளேயே இருக்கட்டும், வெளியே வைக்காவிட்டால் என்ன என்று நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு அந்த நாற்காலியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஈரத் தலையோடுதான் தெரிகிறார். போர்த்திப் பார்த்தேன். அதைவிட மோசம்.

பிரித்துவிட்டேன்.

லேசில் பிரிந்துவிடுவார் என்று நினைத்தேன். என் பழைய முறைப்படி ஒட்டியிருந்தால் இரண்டு தட்டில் வந்திருக்கும். நீ சொல்லிக் கொடுத்தபடி தைத்ததால் ஒவ்வொரு முடிச்சையும் பிளேடால் அறுக்க வேண்டியிருந்தது. விரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. தையல்காரம்மா வந்து பார்த்து, "ஏம்மா இப்படிப் பண்றீங்க, நல்லாத்தானே இருந்தாரு" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி அனுப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

உன் மாமா இப்போது நான்கு வாளிகளில் இருக்கிறார். எண் வாரியாக.

நீ வருவதாக இருந்தால் வா. வராவிட்டாலும் இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்து மனதைக் கனக்க வைத்துக்கொள்ளாதே. பாதி உனக்காக, மீதி அவருக்காக.

அத்தை


ஏப்ரல் 29

அன்புள்ள அத்தைக்கு,

பயிற்சி ஒன்றுக்காக ஆலையிலிருந்து வெளியூர் அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தால் உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கிடக்கின்றன. அவசரத்தில் இரண்டாவதை முதலில் பிரித்துவிட்டேன். மாமா வாளியில் இருக்கிறார் என்று படித்ததும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதல் கடிதத்தைப் படித்த பிறகு சமையலறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் பிள்ளை வந்து என்ன என்று கேட்டார். குளிக்கப் போகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வைக்காதீர்கள் என்றுதான் எழுதினேன். பிரிக்கச் சொல்லவில்லையே அத்தை.

என்ன சிரிப்பு என்று நீங்கள் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை, ஏனென்றால் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். கதவை ஒட்டித்தானே நிற்கிறீர்கள், எல்லாம் கேட்டிருக்கும் என்று. அவர் குழறியது எனக்கே போகப் போகத்தான் புரிந்தது, தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே இருப்பவருக்கு எப்படிப் புரியும் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

நம் குளியலறைக் கதவு தண்ணீரில் ஊறக் கூடாது என்று அடியில் வெட்டியிருக்கிறார்கள், மூன்று விரல் இடைவெளி இருக்கும். நாற்காலியில் உட்கார வைத்ததும் மாமா முதலில் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "கண்டக்டர் ஏறியாச்சா பாரு." நான் குனிந்து கதவுக்கு அடியில் பார்ப்பேன். உங்கள் இரண்டு கால் கட்டைவிரலும் தெரியும். "ஏறியாச்சு மாமா" என்பேன். "அப்ப சரி, வண்டிய எடு" என்பார். பிறகுதான் நான் தண்ணீரைத் தொடலாம். ஒரு நாள் நீங்கள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. வாளித் தண்ணீர் ஆறிப்போகிறது, ஊற்ற விடமாட்டேன் என்கிறார். "கண்டக்டர் இல்லாம வண்டி எடுத்தா என் வேலை போயிரும்மா, உனக்கென்ன" என்றார். நீங்கள் வந்து நின்றீர்கள். விரலைப் பார்த்ததும் அவரே ஹாரன் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தினமும் ஏதோ ஒரு விதத்தில் அதே சிரிப்புதான். உங்களை விட்டுவிட்டு நாங்கள் ஒரு நாளும் கிளம்பவில்லை அத்தை.

உங்களை ஏன் உள்ளே விடவில்லை என்று அவர் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாளும் பிடிக்கவில்லை. ஆனால் அவரைப் பிடித்திருந்தது. இதை எழுத எனக்கு இவ்வளவு நாளாகியிருக்கிறது.

இடது கை. விரல்கள் முழுக்க மடங்கியிருக்காது, ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரி வளைந்திருக்கும். கட்டைவிரல் மட்டும் உள்ளே போயிருக்கும். மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியிருக்கும். மடியில் வைத்தால் நிற்காது. நான் எடுத்து மடியில் வைப்பேன், கொஞ்ச நேரத்தில் சரிந்து நாற்காலிக் கைப்பிடியைத் தாண்டி வெளியே போய்விடும். மறுபடி எடுத்து வைப்பேன், மறுபடி போகும். அந்தப் பக்கம்தான் கதவு. செயலிழந்த கை சரிகிறது என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நீங்கள் செய்யும்போது மடியில் வைக்காதீர்கள். கதவுப் பக்கம் வையுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தனியாகத்தான். உங்கள் பிள்ளை வந்தால் நம்மை வேலை செய்ய விடாமல் டீ கேட்டுக்கொண்டிருப்பார். நான் வரும்வரை மூன்றாம் எண் வாளியைத் தொடாதீர்கள்.

மருமகள்


மே 4

என் மருமகளுக்கு,

கடிதம் முந்தாநாள் வந்தது. நீ ஞாயிற்றுக்கிழமை இறங்குவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேருமா என்று தெரியவில்லை. சேராது என்றுதான் என் தபால் நிலைய அனுபவம் சொல்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், நேரில் பார்த்தால் இதையெல்லாம் சொல்ல மாட்டேன், ஜன்னல் தூசியைப் பற்றித்தான் பேசுவேன்.

காலையில் நூலகரிடம் போனேன். அந்த இடத்தில் ஒரு பூச்சாடியை வைத்திருந்தார். எடுக்கச் சொன்னேன். "குடும்ப விஷயம் முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். முடியவில்லை, இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்றேன். நடுவில் வேண்டாம், கதவை ஒட்டி ஓரமாக இடம் வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். இதில் கடைசி வார்த்தை உன்னுடையது. நீ வந்து, பார்த்து, சரி என்றால் போகும். இல்லை என்றால் நம் கூடத்தில் இருக்கும். இந்தத் தடவை நான் பிரிக்க மாட்டேன்.

வலது கை, நெஞ்சு, தோள் எல்லாம் மறுபடியும் தைத்தாயிற்று. இடது கை முழங்கை வரைக்கும் நிற்கிறது. நீ எழுதியதை வைத்து விரலை வளைத்துப் பார்த்தேன், ஆனால் கட்டைவிரல் எவ்வளவு உள்ளே போகும் என்று தெரியவில்லை. அது உனக்குத்தான் தெரியும். காப்பி நிற மூடிகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று செய்தேன், சிரிக்காதே. உன் கடிதத்தைப் படித்த அன்று என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. தெருவைக் கடந்து போய்த் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். பாதித் தையலில் இருந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்தாள். குளியலறைக்கு வெளியே, நான் அப்போது நின்ற இடத்தில், அவளை நிற்கச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்றாள். "சும்மா நில்லு" என்றேன். கையில் ஒரு துண்டையும் கொடுத்தேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தினமும் குளிக்கிற அறைதான், ஆனால் அங்கே நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவர் நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். இடது கையைத் தொங்க விட்டேன். குனிந்து பார்த்தேன். தெரிந்தது மருமகளே. இரண்டு கட்டைவிரல், பக்கத்தில் இருந்த விரல்கள்கூடக் கொஞ்சம். ஒன்றில் மருதாணி மாதிரி ஏதோ சாயம் ஒட்டியிருந்தது. அவள் கால் மாற்றி நின்றபோது தரையில் விழுந்த அவள் நிழலும் நகர்ந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

"அம்மா, நிக்கவா போகவா?" என்று கேட்டாள் வெளியிலிருந்து. அவளுக்கு அடுப்பில் ஏதாவது இருந்திருக்கலாம், தைக்க வேண்டிய துணி கிடந்திருக்கும். ஆனாலும் அவள் அசையாமல் நின்றுகொண்டே இருந்தாள். நான் போகச் சொல்லவில்லை.

அத்தை